வாங்கிய கையோடு திருப்பிக் கொடுக்கும் தளவாய்

பம்பாய் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் தளவாய்க்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுப்பதற்கு முன் எல்லோரும் கொஞ்சம் யோசிப்பார்கள். கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை. கொடுத்தால் அன்று பொழுது சாய்வதற்குள் அது திரும்பி வந்துவிடும். பாயசத்துக்குக் கேசரி வரும். மீன் குழம்புக்கு அதே கிண்ணத்தில், அதே மட்டத்துக்குக் கறிக்குழம்பு வரும். ஊரிலிருந்து வந்த கருப்பட்டியில் ஒரு வட்டை மூன்றாம் வீட்டுக் கோமதியம்மாள் ஆசையாகக் கொடுத்தனுப்பினாள். விளக்கு வைப்பதற்குள் அவள் வாசலில் பிஸ்கட் பொட்டலம் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. அவள் ஒரு கையில் பொட்டலத்தையும் மறு கையில் இன்னொரு கருப்பட்டி வட்டையும் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ள தராசு வச்சிருக்கானோ இவன்" என்றாள்.

அவனைப் பற்றி யாராலும் குறை சொல்ல முடியாது. அதுதான் தொல்லை. குறை சொல்ல முடியாத மனிதரோடு யார்தான் பழகுவது? அடுத்த வீட்டுக்காரரிடம் ஒரு கை உப்பு வாங்கினோம், மறந்துபோனோம், ஆறு மாதம் கழித்து அவர் வந்து நம் ஏணியைக் கேட்கிறார், அதைத் திருப்பித் தர அவர் மறக்கிறார் என்று இப்படித்தானே அக்கம்பக்கம் என்ற ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தளவாய் வீட்டு வாசலில் அது வந்து முட்டி நின்றுவிடும். அவன் யாருக்கும் எந்தப் பாக்கியும் வைத்துக்கொள்வதில்லை. தனக்கு யாரும் பாக்கி வைக்க அவன் விடுவதுமில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. சின்ன வயதில் சித்தப்பா முறையுள்ள ஒருவரோடு பம்பாய்க்கு வந்தவன் அவன். அந்த மனிதர் சோறு போட்டார், பாய் கொடுத்தார், தாராவித் தோல் கிடங்கில் வேலைக்கும் சேர்த்துவிட்டார். செய்ததை வாரம் தவறாமல் நாலு பேர் முன்னால் சொல்லியும் வந்தார். "இவன் ஒடம்புல ஓடுததே என் சோறுதான்" என்பார், விருந்தாளிகளிடம். பையன் மென்றுகொண்டிருந்த கவளத்தை அப்படியே வாயில் நிறுத்திவிடுவான். விழுங்கினால் கணக்கு ஏறும், துப்பினால் நன்றிகெட்டவன் என்று பெயர் வரும். வாய்க்குள் கவளத்தோடு நின்ற அந்தப் பையன், முப்பது வயதைத் தாண்டியும் அவனுக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

அறுபத்து நாலாம் வருஷக் கோடையில் தளவாய் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டான். இடுப்பு வரை மாவுக்கட்டு, கக்கத்துக்கு ஒரு கட்டை, வலிக்கு மாத்திரை. மனைவி முருகம்மாள் பிரசவத்துக்கு நாங்குநேரிப் பக்கம் தாய்வீடு போய் மாதங்கள் ஆகியிருந்தன. பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சேதி வந்ததோடு சரி, அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. வீட்டில் அவனும் ஒரு ஸ்டவ்வும் மட்டும். பக்கத்து வீட்டுச் சுலைகா மேலப்பாளையத்துக்காரி. அவள் காலையில் ஒரு தம்ளர் சாயா கொண்டுவந்து வைப்பாள். தளவாய் அந்தத் தம்ளர் நிறைய ரேஷன் சீனியைக் கொட்டித் திருப்பிக் கொடுப்பான். சுலைகா தம்ளரை ஒரு நிமிஷம் பார்ப்பாள், எடுத்துக்கொண்டு போவாள். அவள் வீட்டில் டப்பா டப்பாவாகச் சீனி சேர்ந்தது. தளவாய் தானே போட்டுக்கொள்ளும் சாயாவைச் சீனி இல்லாமல் குடித்தான்.

உள்ளே புழுக்கம் தாங்காமல் கயிற்றுக் கட்டிலை வாசலில் போட்டுக்கொண்டு கிடந்தான். அந்தச் சந்தில் படுத்தபடி ஒரு மத்தியானத்தைப் பார்ப்பது தனி அனுபவம். பெரியவர்கள் எல்லோரும் இடுப்போடு முடிந்துவிடுவார்கள். அதற்கு மேல் காயப்போட்ட சேலைகளும், அதற்கும் மேல் தாராவித் தோல் வாடையைச் சுமந்துகொண்டு மெதுவாகப் போகிற வெள்ளை வானமும்தான். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் சத்தங்கள் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல் ஆகிவிடும். தூரத்தில் லோக்கல் ரயில் ஒரு பெருமூச்சு விட்டுப் போகும். மிச்சம் இருப்பது அவன் கண்மட்டத்தில் நடமாடுகிற ஜனங்கள். அவர்களுக்கு வயது ஐந்துக்கு மேல் இல்லை.

இத்தனை நாள் அந்தச் சந்தில் குடியிருந்தும் அவர்களை அவன் பார்த்ததே இல்லை. கால் இடறும்போது ஒதுக்கி விட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

முதலில் தென்பட்டவள் பீவி, சுலைகாவின் மகள். நடை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு அடியையும் பூமி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைப்பாள். ஒருநாள் தளவாயின் கையிலிருந்து தீப்பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. குனிய முடியாது. கை நீட்டினான், எட்டவில்லை. மறுபடி நீட்டினான். சற்றுத் தள்ளி மண்ணை நக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பீவி தலையைத் தூக்கினாள். தீப்பெட்டியைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். எழுந்து, ஆடி ஆடி வந்து, எடுத்து, அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். பிறகு திரும்பிப் பாராமல் போய் மண்ணை விட்ட இடத்திலிருந்து நக்கத் தொடங்கினாள்.

தளவாய் தவித்துப்போனான். இதற்கு என்ன திருப்பிக் கொடுப்பது? அவள் அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

இது தற்செயலாக இருக்கும் என்று மறுநாள் சோதித்தான். துண்டை எடுத்து வேண்டுமென்றே வீசி எறிந்தான். பீவி துண்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், அசையவில்லை. துண்டு அங்கே கிடக்க வேண்டும் என்று நீ நினைக்கிறாய், கிடக்கட்டும், என்பது போன்ற ஒரு பார்வை. சற்று நேரம் கழித்துக் கக்கத்துக் கட்டை நிஜமாகவே சரிந்து விழுந்தது. உடனே வந்தாள். கட்டை அவளைவிட உயரம். இழுத்து, அதோடு சேர்ந்து இரண்டு முறை விழுந்து, அவன் கால்மாட்டில் கொண்டுவந்து போட்டாள். பேச்சே வராத ஒரு பிள்ளைக்கு, எது தவறி விழுந்தது, எது எறியப்பட்டது என்று தெரிந்திருந்தது. அன்று மத்தியானம் அவன் மாத்திரை போட மறந்துவிட்டான்.

அடுத்ததாக அவன் கண்டது குடங்கள் நடப்பதை.

அந்தச் சந்துக்கு ஒரே குழாய். திறந்துவைத்த பிரமுகரின் பெயரைக் கல்லில் வெட்டிப் பக்கத்தில் பதித்திருந்தார்கள். பெயர் பெரிதாக இருந்தது, தண்ணீர் சிறிதாக வந்தது. மாலை நாலு மணி வாக்கில் வந்து, விளக்கு வைக்கும்போது நின்றுவிடும். மத்தியானமே வீட்டுக்கு ஒரு குடம் என்று லைனில் வைத்துவிடுவார்கள். குடம்தான் ஆள். முன்னால் ஒரு குடம் நிரம்பிப் போனால் பின்னால் இருப்பவை எல்லாம் ஒரு முழம் நகர வேண்டும். நகராமல் நிற்கிற குடத்துக்கு ஆள் இல்லை என்று அர்த்தம், அதைத் தாண்டிப் போய்விடலாம். இது சட்டம். எங்கும் எழுதப்படாததால் எல்லோரும் மதிக்கிற சட்டம்.

பெண்கள் யாரும் குடத்துக்குக் காவல் நிற்பதில்லை. ஒருத்தி அரிசி புடைப்பாள், ஒருத்தி பேன் பார்ப்பாள், ஒருத்தி அடுத்தவள் மாமியாரைப் பற்றிப் பேசுவாள். ஆனாலும் குடங்கள் நகர்ந்துகொண்டே இருந்தன. மாத்திரை மயக்கத்தில் தளவாய்க்கு அவை தாமாகவே ஊர்வதுபோல் தெரிந்தது. ஒரு பித்தளைக் குடம் நெளிந்து நெளிந்து முன்னேறியது. அது தாண்டியதும் பின்னாலிருந்து பீவி வெளிப்பட்டாள். காலிக் குடம்தான் அந்தச் சந்தில் குழந்தைகளால் நகர்த்த முடிந்த ஒரே பெரிய பொருள். அதனால் நகர்த்தினார்கள். யாரும் சொல்லவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. அவனுடைய நசுங்கிய அலுமினியக் குடமும் அப்படித்தான் தினமும் குழாயடி வரை போயிருக்கிறது. "மாமா, ஒங்க கொடம்" என்று குரல் வரும். அவன் கட்டையை ஊன்றிப் போய் அரைக்குடம் பிடித்துவருவான். அது எப்படி அங்கே போனது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது கிடந்தபடி யோசித்தான், வேறு வேலையும் இல்லை. பீவிக்கு எது யார் குடம் என்ற கவலையே கிடையாது. கைக்கு அகப்பட்டதைத் தள்ளுவாள், சில சமயம் பின்பக்கமாகவும். எதிர்வீட்டுத் தங்கமயிலுக்கு நாலு வயது. அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. காலையில் கொய்யாவில் பாதி கடித்துக் கொடுத்தவன் வீட்டுக் குடம் முதலில் நகரும், சடையைப் பிடித்து இழுத்தவன் வீட்டுக் குடம் அவள் கண்ணுக்கே தெரியாது. கோமதியம்மாளின் கடைக்குட்டி செல்லப்பாண்டி ஐந்தைத் தொட்டவன். அவன் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டு குடமாகத் தள்ளுவான், பார்க்காவிட்டால் உட்கார்ந்துகொள்வான். பின்னாளில் குழாய் திறந்துவைக்கிற அளவுக்கு வருவான் என்று தோன்றியது.

தளவாய் படுத்துக்கொண்டே மூவரையும் வரிசையாக வைத்துப் பார்த்தான். பீவி, தங்கமயில், செல்லப்பாண்டி. அதற்கப்புறம் கொஞ்சம் இடம் விட்டுத் தன்னை வைத்தான். வழியில் எங்கேயோ ஏதோ ஒன்று ஏறிக்கொள்கிறது. எந்த ஸ்டேஷனில் என்றுதான் புரியவில்லை.

புரியாவிட்டால் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பது அவனுக்கு வராது. இத்தனை நாள் குடம் நகர்ந்திருக்கிறது, ஒன்றும் கொடுக்கவில்லை என்ற நினைப்பு மாவுக்கட்டுக்குள் எறும்புபோல் ஊர்ந்தது. தெரிந்தவன் ஒருவனிடம் சொல்லிப் பெப்பர்மிண்ட் மிட்டாய் ஒரு பாட்டில் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். அன்று குடம் குழாயடிக்குப் போனதும் மூவரையும் கூப்பிட்டு ஆளுக்கொன்று கொடுத்தான். செல்லப்பாண்டி வாயில் போட்டுக் கடித்துவிட்டு உடனே மறுபடி கை நீட்டினான். தங்கமயில் பாவாடை முனையில் முடிந்துகொண்டாள். பீவி வாங்கி, நன்றாகச் சப்பி, எச்சிலோடு எடுத்துத் தளவாயின் உதட்டுக்குள் திணித்தாள். அவன் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கிடந்தான். அவள் தலையைச் சாய்த்து, இனிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். விழுங்கினான். நெடுநாளைக்குப் பிறகு ஒருவர் கொடுத்ததை அப்படியே விழுங்கினான். அது அவனுக்கே உறைக்கவில்லை.

சில நாள் எல்லாம் பிரமாதமாக நடந்தது. அவன் குடம் மற்றவற்றை முந்திக்கொண்டு ஓடியது. பிறகு ஒருநாள் செல்லப்பாண்டி குடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"மிட்டாய் இருக்கா மாமா?"

"நகத்துலே மொதல்ல."

"இருக்கான்னு சொல்லுங்க, நகத்துதேன்."

மறுநாள் விலை இரண்டு மிட்டாய் ஆனது. அதற்கடுத்து செல்லப்பாண்டி தன் தொழிலை விரிவுபடுத்தினான். சொந்த அம்மாவிடமே போய் நின்றான்.

"ஒன் கொடத்த நகத்துனா என்ன தருவ?"

"முதுகுல ரெண்டு தருவேன்" என்றாள் கோமதியம்மாள்.

அவன் அப்பா மில் தொழிலாளி. சங்க ஊர்வலத்துக்கு அவனைத் தோளில் வைத்துத் தூக்கிப்போவார். அங்கே கற்றது கைகொடுத்தது. முஷ்டியை உயர்த்தி, "காலி ஹாத் நஹி சலேகா" என்று அவன் கத்த, வெறுங்கை செல்லாது என்பது புரிந்தோ புரியாமலோ மற்றப் பிள்ளைகளும் கத்தினார்கள். தங்கமயில் அர்த்தம் புரிந்தே கத்தினாள். அன்றிலிருந்து ஒரு குடமும் நகரவில்லை. பெண்கள் அரிசியையும் பேனையும் மாமியாரையும் பாதியில் விட்டுவிட்டு வெயிலில் லைனில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. நின்றவர்கள் எல்லோரும் தளவாயைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு" என்றாள் கோமதியம்மாள், காற்றிடம் சொல்வதுபோல. "பாடுத பிள்ளைக்குக் கூலி குடுத்தா, அப்புறம் கூலி குடுத்தாத்தான் பாடும்."

மிட்டாய்ப் பாட்டில் காலியானது அப்போதுதான். முருகம்மாளின் ஊரிலிருந்து வந்திறங்கிய ஞானதுரை சேதி கொண்டுவந்ததும் அப்போதுதான். அவன் வாசலில் நின்றபடியே சொன்னான். "நாளைக்குச் சாயங்காலம் வாராவ, மாமா. மதராஸ் மெயில்ல. ஒங்க மச்சான்தான் கூட்டியாராரு. பிள்ளைக்கு ஒடம்பெல்லாம் வேர்க்குரு. இறங்குன ஒடனே குளிப்பாட்டணும், தண்ணி பிடிச்சு வைக்கச் சொல்லுச்சு அக்கா."

தளவாய் உள்ளே எட்டிப் பார்த்தான். பானையில் ஒரு செம்புத் தண்ணீர் கிடந்தது.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள்ளேயே நசுங்கிய குடத்தை இழுத்துக்கொண்டுபோய் லைனில் வைத்தான். அதன் பக்கத்திலேயே கட்டையை ஊன்றி நின்றான். எத்தனை நேரம் நிற்பது? கக்கம் புண்ணானது. மாவுக்கட்டுக்குள் கால் உப்பி, நெருப்பாக எரிந்தது. தண்ணீர் வருவதற்கு முன்பே கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரிடமாவது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சுலைகா பத்தடி தூரத்தில்தான் இருந்தாள். அவளுக்குக் கொடுக்க வீட்டில் சீனிகூட இல்லை என்ற நினைப்பு வந்தது. குடத்தை அங்கேயே விட்டுவிட்டு நொண்டி நொண்டி வந்து கட்டிலில் விழுந்தான்.

குழாய் இருமியது. தண்ணீர் வந்தது. லைன் ஒரு முழம் முன்னே போனது. அவன் குடம் நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் இருந்த எவர்சில்வர் ஒன்று அதைச் சுற்றிக்கொண்டு முன்னே போனது. பிறகு ஒரு தகர டப்பா. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. நகராத குடத்துக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். கட்டிலில் படுத்து, நதியில் ஒரு கல்லைத் தண்ணீர் கடந்துபோவதைப் பார்ப்பதுபோல் அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குடத்துக்கு ஆள் இல்லை என்பது நிஜம்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எங்கேயோ ஒரு ரயில் அவன் முகம் பார்க்காத ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

குழந்தைகள் மூன்று பேரும் சாக்கடைப் பாலத்து ஓரம் உட்கார்ந்து கோலிக்குண்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏலே செல்லப்பாண்டி" என்றான்.

"மிட்டாய் இருக்கா மாமா?"

"இல்ல."

"நாளைக்குத் தருவீயளா?"

தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்துவிட்டது. தளவாய் அதை நிறுத்தினான்.

"நாளைக்கும் இல்லலே. ஒண்ணும் தர முடியாது. என் பிள்ள வருது. குளிப்பாட்டத் தண்ணி இல்ல. என் கொடத்த..." பிறந்ததிலிருந்து அவன் முடித்தே பார்க்காத வாக்கியம் அது. "கொடத்தக் கொஞ்சம் நகத்தித் தாரீயளா?"

மூவரும் பக்கத்தில் வந்தார்கள். வந்தது குடத்துக்காக அல்ல.

"எந்தப் பிள்ள?" என்றாள் தங்கமயில்.

"எம் பிள்ள. பொம்பளப் பிள்ள. ரயில்ல வருது."

"எம்புட்டுப் பெருசு?"

தளவாய் இரண்டு கையையும் விரித்தான். அதிகமாக இருக்கிறதோ என்று சற்றுக் குறுக்கினான். பிறகு கையைக் கீழே போட்டுவிட்டான்.

"தெரியல. நான் இன்னும் பாக்கல."

செல்லப்பாண்டி அவனை ஏற இறங்கப் பார்த்தான். இவ்வளவு பெரிய ஆள், மீசை வேறு, சொந்தப் பிள்ளை எத்தனை பெரிது என்று தெரியாமல் கட்டிலில் கிடக்கிறது. மிட்டாயைவிடப் பெரிய விஷயமாக அது அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். தங்கமயில் குரலைத் தாழ்த்தி, "நீங்களே பாக்கலையா" என்று கேட்டாள். துக்க வீட்டில் பெண்கள் கேட்கிற குரல்.

பீவி இதற்குள் போய்விட்டாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, குடம் என்ற சொல் மட்டும் புரிந்திருக்கலாம். தம் பிடித்து ஒரு குடத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அது அவள் வீட்டுப் பித்தளைக் குடம்.

"அது இல்லட்டீ, நசுங்குனது" என்று செல்லப்பாண்டி ஓடினான். தங்கமயிலும் ஓடினாள். நசுங்கிய குடம் கடகடவென்று உருண்டு, லைனையெல்லாம் தாண்டி, நேராகக் குழாயின் வாய்க்குக் கீழே போய் நின்றது. அது பெரிய குற்றம். கோமதியம்மாள் தன் டப்பாவோடு அங்கே நின்றாள்.

"ஏலே, எவன் கொடம் இது? எங்க கொண்டாந்து வைக்க?"

"பாப்பா வருதும்மா. தளவாய் மாமா பாப்பா. குளிக்கத் தண்ணி இல்லையாம். மாமா இன்னும் பாக்கவே இல்லையாம் பாப்பாவ."

கோமதியம்மாள் திரும்பினாள். லைன் முழுக்கத் திரும்பியது. தளவாய்க்குக் கட்டிலோடு பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

"ஏ தளவாயி, வாயில நாக்கு இருக்கா இல்லையா ஒனக்கு? காலையிலேயே சொல்றதுக்கு என்ன?"

"கேக்கத் தெரியல மைனி."

"கேக்கத் தெரியலையாம், தொரைக்கு" என்று அவள் தன் டப்பாவை ஒதுக்கினாள். நசுங்கிய குடத்தைக் காலால் சரிசெய்து குழாய்க்கு நேராக வைத்தாள். "ஒத்தக் கொடத்துல என்ன குளிப்பாட்டுவ? ரயில்ல வந்தவ குளிக்க வேண்டாமா? சுலைகா, ஒன் கொடத்த இப்படித் தள்ளு."

அதற்கப்புறம் நடந்தது தளவாய்க்குக் கனவுபோலத்தான் ஞாபகம். இடுப்புகளும் குடங்களும் அவனைத் தாண்டி வீட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தன. சுலைகாவின் பித்தளைக் குடம், கோமதியம்மாளின் தகர டப்பா, யாருடையது என்றே தெரியாத ஒரு வாளி. செல்லப்பாண்டி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான், பாதி வழியில் கொட்டியது. தங்கமயில் தம்ளரில் கொண்டுவந்தாள். பீவி உள்ளங்கையில் கொண்டுவந்தாள். கட்டிலருகே வந்து கையைத் திறந்து பார்த்தாள், ஒன்றுமில்லை, ஈரம் மட்டும். ஆனாலும் அவன் வயிற்றில் அதைத் தடவிவிட்டு மறுபடி குழாயடிக்குப் போனாள்.

கடைசியில் சுலைகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் முன் வந்து நின்றாள். பின்னால் மற்றப் பெண்களும் நின்றார்கள்.

"பொழுது சாயறதுக்குள்ள எங்க வீட்டுக்கு என்ன வரப்போவுதுன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. ஏனத்தக் கழுவி வைக்கேன்."

பெண்கள் சிரித்தார்கள். தளவாய் வாயைத் திறந்தான். பழக்கதோஷத்தில் உள்ளே ஏதோ எடைபோடத் தொடங்கியது. எத்தனை குடம், எத்தனை வீடு, என்னென்ன கொடுப்பது. எதுவும் தேறவில்லை. பீவி கொண்டுவந்த ஈரத்துக்கு எதை வைப்பது?

"ஒண்ணும் வராது தங்கச்சி" என்றான்.

"நெசமாவா?"

"வீட்டுல ஒண்ணும் இல்ல. இருந்தாலும் வராது."

சுலைகா அவனை உற்றுப் பார்த்தாள். "அப்படிச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குள் போனவள், கொஞ்ச நேரத்தில் ஒரு டப்பாச் சீனியைக் கொண்டுவந்து அவன் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முருகம்மாள் வந்தாள். மெயில் தாமதம், தாதரில் கூட்டம், அண்ணன்காரன் கூலிக்காரனோடு தகராறு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே பிள்ளையை அவன் மடியில் வைத்தாள். தளவாய் பார்த்தான். அவன் கையால் காட்டிய இரண்டு அளவுக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது. எதையோ மறந்துபோய் யோசிப்பதுபோல் அவனையே பார்த்தது. பிறகு அவன் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

முருகம்மாள் பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் செம்புத் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டது. அந்தக் குரல் தகரச் சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போன மாத்திரத்தில் அங்கே பீவியும் ஓவென்று அழத் தொடங்கினாள்.

"இங்க ஒண்ணு எதுக்கு அழுவுதுன்னே தெரியலியே" என்ற சுலைகாவின் குரல் கேட்டது. அப்புறம் சுவரோரம் சின்னக் காலடிச் சத்தம். பீவி கண்ணீரோடு வாசலில் வந்து நின்றாள். தன் கையில் கடித்து வைத்திருந்த ரொட்டித் துண்டை நனைந்த பிள்ளையை நோக்கி நீட்டினாள்.

"அதுக்குப் பல்லு இல்லட்டீ" என்று சிரித்தாள் முருகம்மாள்.

பிள்ளையைத் துணியில் சுற்றிவிட்டு எழுந்தபோதுதான் அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நடக்க இடமில்லாமல் குடமும் டப்பாவும் வாளியுமாக நிறைந்திருந்தது. அவள் முகம் மாறியது. புருஷனை அறிந்தவள்.

"இது சுலைகா கொடம்லா? இது கோமதி மைனி டப்பா. இத்தன பேருட்டயா வாங்குனீய?" தண்ணீரைப் பானையில் மாற்றப் போனவள் நின்று, ஊரிலிருந்து கொண்டுவந்த பையை அவிழ்க்கத் தொடங்கினாள். "இருங்க, ஏனத்த வெறுமனே திருப்பக் கூடாது. என்னென்ன வச்சுக் குடுக்கணும்னு சொல்லுங்க, இப்பவே குடுத்துட்டு வந்திருதேன்."

"இருக்கட்டும்" என்றான் தளவாய்.

"இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

முருகம்மாள் பையை விட்டுவிட்டு வந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

"நாளைக்கு லைன்ல வைக்க அவியளுக்கு வேணும்லா" என்றாள்.

"வேணும்தான். கேட்டு வருவாவ." அவன் பிள்ளையை வாங்கி மார்மேல் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். "வரட்டும்."